மக்கும்… நிபந்தனைகளுக்கு உட்பட்டு

மக்கும் பிளாஸ்டிக் டம்ளர் புது மாப்பிள்ளை மாதிரி. உபசாரம் குறைந்தால் அசையாது. ஐரோப்பாவின் இ.என். 13432 தரச் சோதனையில் தேற, 12 வாரத்தில் அது தூள் தூளாக வேண்டும். 2 மில்லிமீட்டர் சல்லடையில் பத்து சதவீதத்துக்கு மேல் தங்கக் கூடாது. ஆறு மாதத்துக்குள் 90 சதவீதம் மக்கவும் வேண்டும், அதுவும் சுமார் 58 டிகிரிச் சூட்டில். கொல்லைக் குழியில் இந்த வசதியெல்லாம் ஏது?

அதற்குத்தான் உர ஆலை இருக்கிறதே என்பீர்கள். அமெரிக்காவின் ஓரிகன் மாநில உரத் தயாரிப்பாளர்கள் 2019-இல் கூட்டாகக் கையை விரித்துவிட்டார்கள். காரணங்கள் மொத்தம் ஒன்பது: சில சமயம் மக்குவதில்லை, அசல் பிளாஸ்டிக்கும் கூடவே ஒட்டிக்கொண்டு வருகிறது, இயற்கை விவசாயிகளுக்கு அந்த உரத்தை விற்க முடியவில்லை, இத்யாதி.

ஆக, விற்றவர் பச்சை இலைப் படம் அச்சிட்டார். வாங்கியவர் புண்ணியக் கணக்கில் நாலு காசு கூடுதலாகக் கொடுத்தார். மக்கவைக்கும் வேலைக்குத்தான் ஆள் கிடைக்கவில்லை.