மேல் வீட்டு மௌனசாமி

ரமணாசிரமத்துக்கு எதிரே, செங்கம் சாலையைக் கடந்து ஏதாவதொரு சந்துக்குள் நுழையுங்கள். மாடியில் ‘வாடகைக்கு’ என்ற பலகை தொங்காத வீடு தென்பட்டால், அங்கே ஒரு மௌனசாமி குடியிருக்கிறார் என்று பொருள்.

காவி கிடையாது. பணி ஓய்வு பெற்றவர்; பெரும்பாலும் வங்கி மேனேஜர், தப்பினால் டெலிபோன்ஸ். வெள்ளை வேட்டி, கதர் ஜிப்பா, தோளில் ஜோல்னாப் பை. சென்னை ஃபிளாட்டைப் பையன் பேருக்கு எழுதிவைத்துவிட்டு அமைதி தேடி வந்தவர். பேச்சை அறவே குறைத்துவிட்டதை எதிர்ப்படுகிறவர்களிடமெல்லாம் அரை மணி நேரம் விளக்குவார். ஊர்க்காரர்கள் ‘சார்’ என்று ஆரம்பித்து ஆறு மாதத்தில் ‘சாமி’ என்று பதவி உயர்வு கொடுப்பார்கள். ஆட்டோக்காரர்கள் மட்டும் முதல் நாளே கொடுத்துவிடுவார்கள்; கட்டணமும் அதற்கேற்ப இருக்கும்.

ஆசிரமத்து மயில் தொண்டை கிழிய அகவினால் சாமி கண்ணை மூடித் தலையாட்டுவார். அதில் பிரணவம் கேட்கிறதாம்.

சோதனை கீழ் வீட்டிலிருந்து வரும். ஓனரம்மாவின் மகள் தலைப்பிரசவத்துக்கு வந்திருப்பாள். பிள்ளை பிறந்து முதல் இரண்டு வாரம் இருக்குமிடம் தெரியாது. மூன்றாவது வாரம், சாயங்காலம், சாமி மாடியில் பாயை விரித்து உட்காரும் நேரம் பார்த்துக் கீழே தொடங்கும். முகம் சிவந்து, முஷ்டி இறுகி, காலிரண்டையும் வயிற்றோடு மடக்கிக்கொண்டு ஒரு வீறல். பால் கொடுத்தாயிற்று, துணி மாற்றியாயிற்று, தூளியில் போட்டு ஆட்டியாயிற்று. நிற்காது.

1896இல், பதினாறு வயதில் இந்த ஊருக்கு வந்து, பாதாள லிங்கத்தில் பூச்சி கடித்துத் தொடை புண்ணாகியும் அசையாமல் உட்கார்ந்திருந்தவர் ரமணர். அந்த அத்தியாயத்தை ஏழெட்டு முறை படித்த நம் சாமி, பத்தாவது நிமிடத்தில் எழுந்துவிடுவார்.

அன்று திங்கட்கிழமை, மௌன விரதம். கீழே இறங்கி வந்து, பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்து, ‘குழந்தைக்கு என்ன?’ என்று எழுதி நீட்டினார்.

“கண்ணாடி உள்ள கெடக்குது. வாயத் தொறந்து சொல்லு சாமி” என்றார் ஓனரம்மா.

திறந்தார். அதற்குப் பிறகு அது மூடவேயில்லை.

ஓனரம்மாவுக்கு அது உரம் விழுந்தது. எதிர் வீட்டு ஆயாவுக்கு மாந்தம். பால்காரருக்கு, வாசலில் யாரோ கண் வைத்தது. சாமியின் கையில் செல்போன் இருக்கிறதே, அவர் பெயரே சொல்லிவிட்டார்: கோலிக். 1954இல் வெஸ்ஸல் என்ற அமெரிக்க டாக்டர் வகுத்த கணக்கு அது. நோயில்லாத குழந்தை ஒரு நாளைக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல், வாரத்தில் மூன்று நாளுக்கு மேல், மூன்று வாரத்துக்கு மேல் அழ வேண்டும்.

“உங்க குழந்தைக்கு இன்னும் ரெண்டு வாரம் பாக்கி இருக்கும்மா. அதுவரைக்கும் இதைக் கோலிக்னு சொல்ல முடியாது.”

“அப்போ இப்ப அழுவறது இன்னா சாமி, ஒத்திகையா?”

அடுத்து கிரைப் வாட்டர். 1851இல் நாட்டிங்காமில் வில்லியம் உட்வர்ட் என்ற மருந்துக்காரர் தயாரித்தது, சதகுப்பை எண்ணெயும் சோடா உப்பும் சர்க்கரையும் சேர்ந்தது, அந்தக் காலத்தில் அதில் ஆல்கஹாலும் இருந்தது என்று சாமி விளக்கினார். “அதான் எங்க காலத்துல புள்ளைங்க அடிச்சிப் போட்டாப்ல தூங்குச்சிங்களா” என்று ஓனரம்மா வியந்தார். இப்போது வருவதில் ஆல்கஹால் இல்லை. ஆனால் ஆறு மாதம் வரைக்கும் தாய்ப்பால் தவிர தண்ணீர்கூட வேண்டாம் என்பதுதான் டாக்டர்கள் பேச்சு. தேன் ஒரு வயது வரைக்கும் நாக்கில் படக் கூடாது. வசம்புக்கல்லைக் கழுவிக் கவிழ்க்க வைத்தது சாமியின் முதல் வெற்றி. தலை உருண்டையாக வரட்டும் என்று வைத்திருந்த கடுகுத் தலையணையை உருவியது இரண்டாவது. மல்லாக்கப் படுக்கவைக்கச் சொல்லிப் பிரசாரம் நடந்த பிறகு, தூக்கத்திலேயே கைக்குழந்தைகள் இறந்துபோவது அமெரிக்காவில் பாதிக்கு மேல் குறைந்தது என்ற செய்தியை அவர் சொன்ன தொனியில் ஆயாவே வாயடைத்துப்போனார். காய்ச்சலோ பச்சை வாந்தியோ பால் குடிக்க மறுப்போ இருந்தால் வைத்தியமே பேசாமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும் என்றார். அதில் மட்டும் தெருவே ஒத்துப்போனது.

ஒரு நாள் கைவலி தாங்காமல் அந்தப் பெண், “கொஞ்சம் வச்சிக்கிறீங்களா சார்” என்று குழந்தையை நீட்டிவிட்டாள். அதைத்தான் அவர் எதிர்பார்த்திருந்தார் என்று நான் நினைக்கிறேன். துண்டு ஏற்கெனவே தோளில் கிடந்தது.

இதற்கும் ஒரு ஆராய்ச்சி. 2022இல் ஜப்பானியர்கள் கண்டது: அழும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஐந்து நிமிடம் நிற்காமல் நடக்க வேண்டும், தூங்கியதும் உடனே கிடத்தாமல், ஐந்திலிருந்து எட்டு நிமிடம் மடியிலேயே வைத்திருந்து, பிறகு கிடத்த வேண்டும். பதினாலு கிலோமீட்டர் கிரிவலம் போகிற காலுக்கு ஐந்து நிமிடம் எம்மாத்திரம்! தியானத்துக்கு வைத்திருந்த மணியைச் செல்போனில் ஓடவிட்டு மொட்டைமாடியில் நடந்தார். நாலாவது சுற்றில் ஓர் ஏப்பம் வந்தது. கூடவே வந்த பால் கதர் ஜிப்பாவின் முதுகில் இறங்கியது. குழந்தை கண்ணை மூடியது. சாமி மூச்சை அடக்கிக்கொண்டு கட்டைச்சுவரில் உட்கார்ந்தார். ஆறு நிமிடம், ஏழு நிமிடம். தூளிக்குப் போக எழுந்தபோது பக்கத்து வேப்பமரத்திலிருந்து அந்த மயில் அகவியது.

“சனியனே!” என்றார் சாமி. பிரணவத்தைத்தான்.

இந்த அழுகை ஆறாவது வாரத்தில் உச்சிக்கு ஏறும். மூன்று, நாலு மாதத்தில் யார் சொல்லியும் இல்லாமல் தானாக நின்றுபோகும். காரணம் இன்னதென்று வைத்திய உலகம் அறுதியிட்டுச் சொன்னதில்லை. ஆகவே நிற்கிற வாரத்தில் யார் கையில் குழந்தை இருக்கிறதோ, பெருமை அவருக்கு. வாராக் கடன் ஒன்று தானாக வசூலாகிற மாதத்தில் எந்த மேனேஜர் நாற்காலியில் இருக்கிறாரோ, அவருக்குத்தானே ஹெட் ஆபீஸ் பாராட்டுக் கடிதம் வரும்? பால்காரர் தம்முடைய மந்திரித்த கயிறு என்றார். ஆயா, தான் சுற்றிப்போட்ட உப்பு மிளகாய் என்றார். ஆனால் பதின்மூன்றாவது வாரம் நடந்தவர் சாமி. தெரு அவருக்கே தீர்ப்பளித்தது. “சாமி கைராசி” என்றார் ஓனரம்மா. அந்தப் பெண் ஐந்தாம் மாதம் புருஷன் வீட்டுக்குக் கிளம்பியபோது அவர் காலில் விழுந்து கும்பிட்டாள். அவர் மறுக்கவில்லை.

இப்போது பக்கத்துத் தெருக்களிலிருந்தும் ஆள் வருகிறது. பாராயணத்துக்குப் புறப்பட்டவரை வாசலிலேயே மடக்குகிறார்கள். போன வாரம் ஒரு தகப்பன், தூக்கமில்லாத கண்ணோடு, ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு நின்றான்.

“சாமி, ராத்திரியெல்லாம் ஒரே அழுகை. நீங்க ஒரு வாட்டி வந்து தூக்கணும்.”

சாமி நோட்டை எடுத்தார். “எத்தனை வாரம்?”

“ஆறு.”

சாமி நோட்டை மூடிப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

“பத்து முடியட்டும்ப்பா. அப்புறம் கூப்பிடு, வந்து நிறுத்தித் தரேன்.”