வார்ம் ஒயிட்டா, லோ வோல்டேஜா?

நம் ஊர் வீட்டு ஹாலில் விளக்குக்கு ஒரே ஒரு வேலைதான்: எல்லாம் தெரிய வேண்டும். கீழே விழுந்த ஊக்கு தெரிய வேண்டும், அரிசியில் கல் தெரிய வேண்டும், தரகர் கொண்டுவந்த ஜாதகத்தில் செவ்வாய் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பது தெரிய வேண்டும். அதற்குத்தான் சுவரின் உச்சியில் நாலடி டியூப்லைட். அதன் கீழே உட்கார்ந்து யாரும் பொய் சொல்லிவிட முடியாது.

என் மகள் கட்டடக்கலை படிக்கிறாள். விடுமுறைக்கு வந்தவள் ஹாலை அண்ணாந்து பார்த்துவிட்டு, "அப்பா, இது வீடா, ஆபரேஷன் தியேட்டரா?" என்றாள். வெளிச்சம் மேலேயிருந்து கொட்டக் கூடாதாம். உட்காருகிறவர் கண் மட்டத்துக்குக் கீழே, மூலைக்கு ஒன்றாக, மஞ்சளாக இருந்தால்தான் ஹால் இதமாக இருக்குமாம். அதுவும் 1950-60களின் மிட் செஞ்சுரி விளக்குகளாக அமைந்தால் உத்தமம். எங்கள் வீட்டில் அந்தக் காலத்தைச் சேர்ந்தது என் அம்மா ஒருத்திதான். அம்மாவுக்கு இந்த யோசனையே பிடிக்கவில்லை.

முதலில் மகள் காட்டியது ஆர்க்கோ என்கிற வளைந்த நிலைவிளக்கு. இத்தாலியில் 1962-இல் கஸ்டிலியோனி சகோதரர்கள் தெருவிளக்கைப் பார்த்து உருவாக்கியது. கூரையில் ஓட்டை போடாமலே மேஜைக்கு மேலே விளக்கு தொங்க வேண்டும் என்பது அவர்கள் யோசனை. சுவரில் ஆணி அடித்தாலே அட்வான்ஸில் கழித்துக்கொள்ளும் ஹவுஸ் ஓனரிடம் குடியிருக்கும் எனக்கு இது கேட்கவே இனித்தது. பிறகு அடிப்பாகத்துக்கு வந்தோம். 65 கிலோ பளிங்குக்கல். அதன் நடுவே ஒரு துளை. அலங்காரத்துக்கு இல்லை, துடைப்பக் கட்டையைச் செருகி இரண்டு பேர் தூக்குவதற்காம்! இத்தாலியிலும் கடைசியில் துடைப்பக் கட்டைதான் கைகொடுக்கிறது என்பதில் எனக்கு அல்ப சந்தோஷம். ஆனால் நாங்கள் இருப்பது லிஃப்ட் இல்லாத மூன்றாவது மாடி. ஆர்க்கோவின் விலைக்கு இரண்டு ஸ்கூட்டர் வேறு வாங்கிவிடலாம்.

அதையெல்லாம் சமாளித்தாலும் ஃபேனை என்ன செய்வது? உலகப் புகழ்பெற்ற இந்த விளக்குகளைச் செய்த மேதைகள் ஒருவர் வீட்டிலாவது ஹால் நடுவே 48 இஞ்ச் சீலிங் ஃபேன் ஓடியிருக்குமா என்பது சந்தேகமே. ஆர்க்கோ எழுந்து நிற்பது ஏறத்தாழ எட்டடி உயரத்துக்கு. எங்கள் ஃபேனின் இறக்கையும் அங்கேதான் சுற்றுகிறது. விளக்கை ஃபேனுக்கு மேலே வைத்தால் இறக்கையின் நிழல் வெட்டி வெட்டிச் சுவரெல்லாம் ஓடி, பத்து நிமிஷத்தில் தலைவலி வரும். கீழே தொங்கவிட்டால் விளக்கு ஊஞ்சலாடும். சென்னையில் மே மாதம் ஃபேனா, விளக்கா என்று கேட்டால் நான் இருட்டில் உட்காரத் தயார்.

டென்மார்க்கின் பௌல் ஹென்னிங்சன்மீது எனக்கு மரியாதை உண்டு. மண்ணெண்ணெய் விளக்கு வெளிச்சத்தில் வளர்ந்த மனிதர். மின்சார பல்பு கண்ணைக் குத்துகிறது என்று அதோடு மல்லுக்கட்டியே ஆயுளைக் கழித்தவர். 1958-இல் அவர் செய்த பிஎச் 5 என்ற தொங்குவிளக்கில் தட்டுகளை ஒன்றின்கீழ் ஒன்றாக வைத்து, எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் பல்பு கண்ணில் படாதபடி மறைத்துவிட்டார். சாப்பாட்டு மேஜைக்கு மேலே தாழ்வாகத் தொங்க வேண்டிய விளக்கு. எங்கள் சாப்பாட்டு மேஜையில் மடிக்காத துணி மலையாகக் கிடக்கிறது. ஹென்னிங்சன் அதற்கு அழகாக ஒளியூட்டுவதில் என் மனைவிக்குச் சம்மதமில்லை.

எனக்கு நெருக்கமானவர் அமெரிக்கர் ஜார்ஜ் நெல்சன். பட்டுத்துணி போர்த்திய சுவீடன் நாட்டுத் தொங்குவிளக்கு ஒன்றின்மேல் ஆசைப்பட்டுக் கடைக்குப் போனார். விலை 125 டாலர். அந்தக் காலத்தில் அது பெரிய தொகை. நாமாக இருந்தால் "அடுத்த தீபாவளிக்குப் பார்க்கலாம்" என்று திரும்பியிருப்போம். கப்பல்களை மூடிப் பாதுகாக்க அவற்றின்மேல் பிளாஸ்டிக் பீய்ச்சுவார்கள் என்பது அவருக்கு ஞாபகம் வந்தது. கம்பிக்கூட்டின்மேல் அதையே பீய்ச்சித் தன் விளக்கைத் தானே செய்துகொண்டார். அவைதான் பபிள் விளக்குகள். இன்று அவற்றின் விலையைக் கேட்டால் நெல்சனே திரும்பிப் போய்விடுவார்.

கடைசியில் எங்கள் பட்ஜெட் ஜப்பானில் வந்து நின்றது. சிற்பி இசாமு நொகுச்சி 1951-இல் கிஃபு ஊரின் காகித விளக்குத் தொழிலைப் பார்த்துவிட்டு, மூங்கில் சிம்பும் முசுக்கட்டைப் பட்டைக் காகிதமும் கொண்டு 'அகாரி' விளக்குகளை வடிவமைத்தார். அசல் நமக்கு எட்டாது. அதே சாயலில் உருண்டையான காகித விளக்கு பாரிமுனைப் பக்கம் கிடைத்தது. கடைக்காரர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "ஹாலுக்கா சார்? வார்ம் ஒயிட் போட்டா டல்லடிக்கும். கூல் ஒயிட் போடுங்க, பளிச்னு இருக்கும்." மகள் மறுத்துவிட்டாள். வீட்டுக்கு வந்து பார்த்தால் விளக்கில் இருப்பது திருகு ஹோல்டர். வாங்கிய பல்போ பின் டைப். அன்றும் டியூப்லைட்தான்.

மறுநாள் சாயங்காலம் சோபாவுக்குப் பக்கத்தில் தரையில் வைத்து ஏற்றினோம். உண்மையைச் சொல்ல வேண்டும், அழகாக இருந்தது. சுவரின் விரிசல் மறைந்தது. ஒட்டடை மறைந்தது. என் மனைவி பத்து வயது குறைந்து தெரிந்தாள், அதை வாய்விட்டுச் சொல்லி, "அப்போ டியூப்லைட்ல?" என்ற கேள்வியையும் வாங்கிக்கொண்டேன். விளக்கு வைக்கிற நேரத்தில் விபூதியோடு வந்த அம்மா வாசற்படியிலேயே நின்றாள். "ஏண்டா, லோ வோல்டேஜா? ஃபிரிட்ஜை அணை முதல்ல." எதிர் வீட்டுக்காரர் கதவு வழியே எட்டிப் பார்த்து, "உங்களுக்கு மட்டும் ஒரு ஃபேஸ் போயிடுச்சா சார்?" என்று அக்கறையோடு விசாரித்தார், எலக்ட்ரீஷியன் நம்பரும் கொடுத்தார். எட்டு மணிக்குக் காகித உருண்டைக்குள் ஒரு பல்லி புகுந்தது. அதன் நிழல் முதலை அளவுக்குச் சுவரில் நகர, அம்மா எழுந்துபோய் டியூப்லைட் ஸ்விட்சைத் தட்டினாள்.

இப்போது ஒப்பந்தப்படி ஒன்பது மணி வரை டியூப்லைட், அம்மா படுத்த பிறகு நொகுச்சி. இந்த ஏற்பாட்டை நான் மனதாரச் சிபாரிசு செய்வேன். விளக்கு வாங்கக் கிளம்புகிறவர்கள் அதன் அழகில் மயங்குமுன் சோபாவுக்குப் பக்கத்தில் ப்ளக் பாயின்ட் இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலான ஹால்களில் அது டிவிக்குப் பின்னால் மட்டும்தான் இருக்கும். பல்பு அட்டையில் 2700 கெல்வின் என்று போட்டிருக்கட்டும். 6500 என்றிருந்தால், டென்மார்க்கிலிருந்தே விளக்கை வரவழைத்தாலும் உங்கள் வீட்டில் எரியப்போவது டியூப்லைட்தான்.