திருவளர்செல்வி வேண்டாம்

கல்யாணப் பத்திரிகையில் ‘திருவளர்செல்வி வேண்டாம்’ என்று அச்சடித்தால் எப்படி இருக்கும்? சிரிக்காதீர்கள். வேண்டாம் என்பது மணப்பெண்ணின் பெயர். திருத்தணிப் பக்கத்துக் கிராமங்களில் அந்தப் பெயருடன் பெண்கள் இருக்கிறார்கள். வாத்தியார் வருகைப் பதிவேட்டைப் பிரித்து “வேண்டாம்!” என்று கூப்பிடுவார். அவள் எழுந்து நின்று “உள்ளேன் ஐயா” என்று சொல்ல வேண்டும். பள்ளிக்கூடம் முடிகிற வரை தினமும் இந்த மரியாதை. மதுரைப் பக்கம் நாகரிகம் சற்றுக் கூடுதல். அங்கே ‘போதும்பொண்ணு’ என்று கொஞ்சம் குழைந்து சொல்வார்கள்.

வரிசையாகப் பெண்ணே பிறக்கும் வீட்டில் இப்படிப் பெயர் வைத்தால் அடுத்தது ஆணாகப் பிறக்குமாம். சாமிக்கு மனு எழுதக் காகிதம் அகப்படாமல், பிறந்த குழந்தையின் மேலேயே எழுதிவிட்டார்கள்.

“அந்தக் காலத்தில் ஆம்பிளைப் பிள்ளைக்கும்தான் குப்பன், பிச்சை, மண்ணாங்கட்டி என்று வைத்தோம்” என்று வாதாட ஒரு பெரியவர் எப்போதும் தயாராக இருப்பார். வைத்தீர்கள் ஐயா. முந்தின பிள்ளைகள் தக்காமல் போன வீட்டில், இதுவாவது நிலைக்கட்டும் என்று குப்பையில் புரட்டி எடுத்து, தவிட்டுக்கு விற்று வாங்கி, எமனை ஏய்ப்பதற்காக வைத்தீர்கள். குப்பம்மாளுக்கும் பிச்சையம்மாளுக்கும்கூட அந்தப் பாசம் கிடைத்தது. அவர்கள் போய்விடக் கூடாதே என்று ஓர் அசிங்கப் பெயர். இவள் வந்திருக்கவே கூடாது என்று இன்னொன்று. இரண்டும் ஒன்றா? நாலாவதும் ஆணாய்ப் பிறந்த வீட்டில் ‘போதும்பையன்’ என்று ஒருவனையும் நான் கேள்விப்பட்டதில்லை.

இந்தப் பெருமை நமக்கு மட்டும்தான் என்று மார்தட்டவும் முடியாது. மகாராஷ்டிரத்தின் சாத்தாரா மாவட்டத்தில் ‘நகுசா’ என்று வைப்பார்கள். வேண்டாதவள் என்று அர்த்தம். 2011 அக்டோபரில் மாவட்ட நிர்வாகம் அப்படி 285 பெண் பிள்ளைகளைத் தேடிப் பிடித்து, விழா எடுத்துப் புதுப் பெயர் சூட்டி, சான்றிதழும் கொடுத்தது. நல்ல காரியம். பிள்ளைகளுக்குப் பெயர் மாறிற்று. அதை வைத்த வீட்டுப் பெரியவர்களிடம் என்ன மாறிற்று என்பதற்குச் சான்றிதழ் கிடையாது. நம்மூர் ‘வேண்டாம்’ பெயரை மாற்ற நினைத்தாலோ விண்ணப்பம், கட்டணம், அரசிதழ் என்று அவளேதான் அலைய வேண்டும். அப்பன் எழுதின மனுவுக்கு மகள் பணம் கட்டுகிறாள்.

இப்போது மோஸ்தர் மாறிவிட்டது. பெயரில் ஷ வர வேண்டும், ஸ வர வேண்டும், பாட்டி வாயில் நுழையவே கூடாது. எண்கணித ஜோசியர் சொன்னபடி இங்கிலீஷில் ஓர் எழுத்தைக் கூடுதலாகச் செருக வேண்டும். அதற்குத் தட்சிணை தனி. இந்த தன்ஷிகாக்களுக்கும் ரித்விகாக்களுக்கும் நடுவே ‘வேண்டாம்’ பழம்பஞ்சாங்கம் ஆகிவிட்டது. ஆகாமல் என்ன செய்யும்? வேண்டாம் என்று பெயர் வைப்பதற்கும் குழந்தை பிறந்து தொலைக்க வேண்டியிருக்கிறதே. ஸ்கேன் வந்தது, அந்தத் தொல்லையும் விட்டது. கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று சொல்லக் கூடாதென்று 1994இல் சட்டம் போட்டார்கள். ஸ்கேன் சென்டர் சுவரில் அந்த போர்டு பளபளவென்று தொங்குகிறது. நாட்டில் ஆறு வயது வரையுள்ள 1,000 ஆண் குழந்தைகளுக்கு 1991இல் 945 பெண் குழந்தைகள். சட்டத்தையும் போர்டையும் தாண்டி வந்த 2001இல் 927.

குறைந்துபோன அந்த 18 பேருக்கும் யாரும் அசிங்கப் பெயர் வைக்கவில்லை. ஜோசியர் தட்சிணையும் மிச்சம்.