காலை 9 முதல் மாலை 6 வரை

பெறுநர்: வழித்திட்டப் பிரிவு, பார்சல் விநியோக நிறுவனம். (பெயர் வேண்டாம், தங்களுக்கே தெரியும்.)

பொருள்: தாங்கள் அருளிய ஒன்பது மணி நேரம் குறித்து.

மதிப்பிற்குரிய ஐயா,

'உங்கள் பார்சல் இன்று காலை 9 மணியிலிருந்து மாலை 6 மணிக்குள் வந்து சேரும்' என்று தாங்கள் அனுப்பிய குறுஞ்செய்தி மேற்கு மாம்பலத்து வாடிக்கையாளர் ஒருவருக்குக் கிடைத்தது. அரை நாள் விடுப்பு கேட்கப் போனவர் முழு நாளாகவே எழுதிக் கொடுத்துவிட்டார். அவர் குளிக்கப் போனபோது மனைவி வாசலைப் பார்த்துக்கொண்டார். மனைவி காய் வாங்க இறங்கியபோது அவர் பால்கனிக்கு வந்தார். இத்தனைக்கும் வரவிருந்தது ஒரு மிக்ஸி ஜார்.

தங்கள் சிரமம் யாருக்கும் தெரியாததல்ல. வண்டிகளுக்கு வழி வகுக்கும் கணக்கை டான்ட்சிக், ராம்சர் என்ற இரு ஆய்வாளர்கள் 1959-இல் எழுதியது பெட்ரோல் லாரிகளுக்காக: எந்த லாரி எந்தெந்தப் பெட்ரோல் பங்க்குக்குப் போவது? பெட்ரோல் பங்க் லீவு போட்டுவிட்டுக் காத்திருக்காது என்பதால் அவர்கள் தப்பித்தார்கள். வீடுகள் அப்படியல்ல. பதினைந்தே வீடுகள் என்றாலும் அவற்றை வரிசைப்படுத்த 1,30,000 கோடிக்கும் அதிகமான வழிகள் உண்டு. ஒவ்வொரு வீட்டுக்கும் 'இத்தனை மணிக்குள்' என்று எல்லை வைத்தால் குறைந்த தூரத்தைக் கண்டுபிடிப்பது ஒருபுறம் இருக்கட்டும், எல்லா எல்லைக்கும் ஒத்துவரும் வழி ஒன்றாவது உண்டா என்று சொல்வதே பெரும்பாடு. சாவல்ஸ்பெர்க் என்ற ஆய்வாளர் இதை 1985-இல் நிறுவினார். அவருக்குத் தோன்றாதது தங்களுக்குத் தோன்றியிருக்கிறது. எல்லையை நாள் முழுக்க நீட்டிவிட்டால் எந்த வழியும் ஒத்துவரும்! விருதுக்குப் பரிந்துரைக்க வேண்டிய கண்டுபிடிப்பு இது.

1987-இல் சாலமன் என்பவர் நேர எல்லையுள்ள கணக்குகளுக்காகச் சோதனைத் தொகுப்பு ஒன்றை வெளியிட்டார். ஒவ்வொரு கணக்கிலும் 100 வாடிக்கையாளர்கள். எல்லோரும் தட்டையான தாளில் வெறும் புள்ளிகள். ஒரு புள்ளியிலிருந்து இன்னொன்றுக்கு நேர்கோட்டில் போகலாம், தூரம் எவ்வளவோ நேரமும் அவ்வளவே. புதிய வழிமுறைகளை ஒப்பிட்டுப் பார்க்க இது போதும். மாம்பலத்துக்குப் போதாது.

அன்று பகல் இரண்டரை மணிக்கு அந்த வாடிக்கையாளரின் போன் அடித்தது.

"சார், லொகேஷன்லதான் நிக்கிறேன். வீடு எங்க?"

"எங்கப்பா நிக்கிற?"

"ரங்கநாதன் தெரு முனையில சார்."

இருவருக்கும் நடுவே மாம்பலம் ரயில் நிலையம். நேர்கோட்டில் கூப்பிடு தூரம்தான். நடைமேம்பாலத்தில் பைக் ஏறாது. துரைசாமி சுரங்கப்பாதை வழியாகச் சுற்றி வர வேண்டும். மழை நாளில் அங்கே தண்ணீர் நின்றுவிட்டால் அந்த வழியும் இல்லை. வந்து சேர்ந்தாலும் லிஃப்ட் இல்லாத மூன்றாவது மாடி. ஓடிபி வர மறுக்கும். ஒவ்வொரு வீட்டிலும் ஆகும் நேரத்தை சாலமன் மறக்காமல் கணக்கில் வைத்தார். தங்கள் மென்பொருளிலும் அப்படி ஒரு கட்டம் இருக்கத்தான் வேண்டும். அதில் யாரோ பூஜ்யம் போட்டிருப்பார்கள் போல.

2021-இல் அமேசானும் எம்.ஐ.டி.யும் சேர்ந்து ஒரு போட்டி நடத்தின. மிகக் குறைந்த தூரத்தைக் கண்டுபிடிக்கச் சொல்லவில்லை. அமெரிக்க நகரங்களில் ஓட்டுநர்கள் நிஜமாகப் போன ஆயிரக்கணக்கான வழிகளைக் கொடுத்து, அனுபவமுள்ள ஓட்டுநர் எந்த வரிசையில் போவார் என்று கணிக்கச் சொன்னார்கள். எந்தத் தெருவில் எப்போது வண்டி நிறுத்த முடியும் என்பது திட்டம் போட்டவரைவிட ஓட்டுபவருக்கு நன்றாகத் தெரியும் என்று அவ்வளவு பெரிய நிறுவனமே ஒப்புக்கொண்ட மாதிரி. தங்கள் பிரிவிலோ, டெலிவரி தம்பி வரிசையை மாற்றினால் 'ரூட் மீறல்' என்று விளக்கம் கேட்கிறார்களாம்.

நேர எல்லையில் இரண்டு வகை உண்டு. ஒன்று தாண்டவே முடியாதது. இன்னொன்றைத் தாண்டலாம், தண்டம் கட்ட வேண்டும். தங்கள் ஏற்பாட்டில் வாடிக்கையாளருக்குச் சொன்ன நேரத்தைத் தாங்கள் இலவசமாகவே தாண்டலாம். டெலிவரி தம்பிக்குச் சொன்ன நேரம் மட்டும் கல்லில் வெட்டியது. அவருக்கு அது பிசகினால் ஊக்கத்தொகை போச்சு.

இதற்காக எல்லையை ஒரேயடியாகச் சுருக்கிவிடவும் வேண்டாம். அமெரிக்காவில் டாமினோஸ் நிறுவனம் '30 நிமிடம்' வாக்குறுதியை 1993-இல் கைவிட்டது. பீட்சா கொண்டுபோன வண்டி மோதிக் காயமடைந்த ஒரு பெண்ணுக்குக் கோடிக்கணக்கான டாலர் இழப்பீடு கொடுக்கச் சொல்லி நடுவர் குழு தீர்ப்பளித்த கையோடு எடுத்த முடிவு அது.

வாடிக்கையாளர்கள் கேட்பது இரண்டு மணி நேரம். காலையில் வண்டி கிளம்பியதும், வரிசையில் எத்தனையாவது வீடு என்று ஒரு செய்தி வரட்டும். வழியில் தாமதமானால் இன்னொன்று. டீசல் செலவு, ஓவர்டைம் என்று ஆயிரம் விஷயங்களைக் கூட்டுகிற தங்கள் கணக்கில் வாடிக்கையாளரின் விடுப்பு நாளையும் ஒரு செலவாகச் சேர்த்துக்கொள்ளலாம். மேலும், மாலை 5.58-க்கு, வீட்டில் மூன்று பேர் இருக்கும்போதே, 'கதவு பூட்டியிருந்தது' என்று பதிவு ஏறுகிறதே, அந்தப் பொத்தானை மட்டும் ஐந்தரைக்கு மேல் முடக்கி வைக்க முடியுமா என்று பார்க்கவும்.

பதில் அனுப்புவதானால் எந்த நேரத்திலும் அனுப்பலாம். எல்லோரும் வீட்டில்தான் இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
மேற்கு மாம்பலம் காத்திருப்போர்