ஆல்ட்டும் அதிகாரமும்: ஆவாரம்பாளையத்துக் கணக்கறைகளில் குறுக்குவிசை வழக்கு – ஓர் ஆய்வு

1. கருதுகோள்

குறுக்குவிசைகள் நேரத்தை மிச்சப்படுத்தவே பிறந்தன என்பது கணினி நூலோர் கொள்கை. அதனை இக்கட்டுரை மறுக்கிறது. கோவை ஆவாரம்பாளையம், கணபதி வட்டாரத்து பம்ப்செட் பட்டறைகளின் கணக்கறைகளை நோக்கின், மிச்சமாவது நேரமன்று; கணக்கரின் கெத்து.

2. முன்னோர் முடிபு

வெட்டி ஒட்டும் வித்தையை 1970களில் லாரி டெஸ்லரும் டிம் மாட்டும் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பார்க் ஆய்வகத்தில் உருவாக்கினர். நகலெடுப்பு ஜெராக்ஸில் பிறந்ததில் வியக்க ஒன்றுமில்லை. 1981இல் வந்த ஐபிஎம் பிசிக்கு கன்ட்ரோல்-ஆல்ட்-டெலீட் கூட்டணியை அமைத்தவர் டேவிட் பிராட்லி. தவறிப்போய் ஒரு கை பட்டு மெஷின் அணைந்து எழக்கூடாது என்று இரு கைக்கும் வேலை வைத்தார்.

ஆயினும் கொங்கு மண்டலத்துக்கு மூலநூல் வேறு. அது 1986இல் பெங்களூரில் தோன்றிய டேலி எனும் கணக்கு மென்பொருள். மில்களுக்கு உதிரிபாகம் விற்ற ஷியாம் சுந்தர் கோயங்காவின் கணக்குத் தொல்லை தீர, மகன் பாரத் கோயங்கா எழுதியது. மில்லுக்காகப் பிறந்தது மில் ஊரில் செழித்தது முறைதானே! எஃப்-5 பேமென்ட், எஃப்-6 ரெசிப்ட், எஃப்-8 சேல்ஸ், எஃப்-9 பர்ச்சேஸ்: இவ்வூர்க் கணக்கரைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பார்.

3. ஆய்வு முறை

மவுஸ் தீண்டப்படுகிறதா என்பதை அறியக் கருவி ஏதும் வாங்கவில்லை. ஆயுத பூஜையே போதுமானது. லேத்துக்கும் டிரில்லிங் மெஷினுக்கும் வைத்த கையோடு கீபோர்டுக்கும் மவுஸுக்கும் சந்தனம், குங்குமம் வைப்பது பட்டறை மரபு. விடுமுறை கழிந்து கடை திறந்த அன்றே, பதினொரு மணி டீ வருமுன், என்டர் விசையின் பொட்டு தேய்ந்து போகிறது. மவுஸின் பொட்டோ தீபாவளி போனஸையும் பார்த்துவிட்டு, காய்ந்து உதிர்கிறது.

4. கண்டறிந்தவை

அ) மவுஸ் முதலாளிக்கு உரியது. பார்க்க மட்டும் வருபவர் அதைப் பிடிப்பார். கணக்குப் போட வருபவர் தொடமாட்டார்.

ஆ) கணக்கெழுதும் பெண்ணின் பின்னால் முதலாளி வந்து நிற்கிறார்.

“அம்மணி, அந்த ஈரோட்டுப் பார்ட்டி பாக்கி எவ்வளவுன்னு பாரு.”

“பார்த்தாச்சுங்ண்ணா.”

அவர் கண்ணாடியை மாட்டுவதற்குள் நான்கு திரைகள் வந்து போயின. எங்கே போனாள், எப்படித் திரும்பினாள் என்று கேட்க அவருக்குக் கூச்சம். கணக்கு தம்முடையது, வழி அவளுடையது.

இ) ஜிஎஸ்டிஆர்-3பி வரிக் கணக்கைத் தாக்கல் செய்யும் 20ஆம் தேதி நெருங்க நெருங்க இக்கூச்சம் மரியாதையாகக் கனிகிறது. அவ்வாரம் லீவு கேட்டால் மறுப்பதற்கு முன் முதலாளி டீ சொல்லிவிடுகிறார்.

ஈ) விசைகளுள் தலையாயது ஆல்ட்-டேப். கிரிக்கெட் ஸ்கோர் ஓடிய திரையில் காலடி ஓசை கேட்டதும் ஸ்டாக் சம்மரி தோன்றும். இதனால் விளையும் நேர மிச்சம் முழுவதும் கிரிக்கெட்டுக்கே போய்ச் சேர்கிறது என்பதால், வேகக் கொள்கை இங்கு முற்றிலும் வீழ்கிறது.

5. முடிபும் பரிந்துரையும்

ஆகவே முதலாளிமார் தாமே விசைகளைக் கற்று ஆட்சியை மீட்கலாமே எனில், கூடாது. கற்றுக்கொண்டவர் கதி தெரிந்ததே: ஆல்ட்-எஃப்2 தட்டித் தாமே காலவரம்பை மாற்றிக் கணக்குப் பார்த்த அன்றிலிருந்து, ஞாயிற்றுக்கிழமை பில்லெல்லாம் அவர் தலையில்தான் விழும், அம்மணி பண்ணாரி கோயிலுக்குப் போயிருப்பாள்.