நேரே பறப்பதா, மாறிப் பறப்பதா?

கேள்வி: அரையாண்டு விடுமுறையில் சிங்கப்பூரிலிருக்கும் தம்பி வீட்டுக்கு ஆறு பேர் கிளம்புகிறோம். அப்பா, அம்மா, நாங்கள் இருவர், பிள்ளைகள் இருவர். நேர் விமானம் விலை கூடுதல். சென்னையில் ஏறி மும்பையில் மாறிப் போனால் ஆளுக்கு நாலாயிரம் மிச்சம் என்கிறார் டிராவல்ஸ்காரர். எதில் போகலாம்?
– ரிஷிவந்தியம் வாசகர்

பதில்: உங்கள் ஊரிலிருந்து கிளம்புகிறவருக்கு முழுசாக நேரே போகும் பயணம் என்று ஒன்று கிடையாது. நீங்கள் மாறும் முதல் இடம் மும்பை அல்ல, உளுந்தூர்பேட்டை. பேருந்தில் சென்னை போனால், 2023 டிசம்பர் கடைசியில் திறந்த கிளாம்பாக்கத்தில் இறக்கிவிடுவார்கள். அங்கிருந்து மீனம்பாக்கம் விமான நிலையத்துக்கு இன்னொரு வண்டி. ஆக, விமானத்தில் கால் வைக்கும் முன்பே இரண்டு மூன்று இடத்தில் பெட்டியைத் தூக்கி வைத்திருப்பீர்கள். அந்தச் சாலைப் பயணம் தடைபட்டால் எந்த விமான நிறுவனமும் பொறுப்பேற்காது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயலால் சென்னை விமான நிலையம் நண்பகலில் மூடி, நள்ளிரவு தாண்டித்தான் திறந்தது. இரண்டு நாள் கழித்து, மணலூர்ப்பேட்டையைத் தொட்டு ஓடும் அதே தென்பெண்ணையின் வெள்ளம் அரசூர் பக்கம் நெடுஞ்சாலை மேலேயே ஏறி ஓடியதில் சென்னை – திருச்சி போக்குவரத்து நின்றது. அன்று காலை விமானம் இயங்கியது, அதைப் பிடிக்கத்தான் சாலை இல்லை. இப்படி ஒரு பொறுப்பில்லாத இணைப்பு ஏற்கெனவே உங்கள் தலையில் இருக்கிறது. இரண்டாவதாக ஒன்றைக் காசு கொடுத்து வாங்க வேண்டுமா என்பதுதான் உங்கள் கேள்வியின் சரியான வடிவம்.

என் பதில், இந்தப் பயணத்துக்கு வேண்டாம். சிங்கப்பூர் தென்கிழக்கே இருக்கிறது, மும்பை வடமேற்கே. போக வேண்டிய திசைக்கு முதுகைக் காட்டி இரண்டு மணி நேரம் பறந்து, மூன்று மணி நேரம் காத்திருந்து, பிறகு ஐந்தரை மணி நேரம் திரும்பப் பறக்க வேண்டும். நேராகப் போனால் நாலேகால் மணி நேரத்தில் முடிகிற வேலை இது. அதுவும் சென்னைக்கே போக வேண்டியதில்லை. உளுந்தூர்பேட்டைக்குச் சென்னையைவிடத் திருச்சி கிட்டே. திருச்சியில் 2024 ஜூன் முதல் புது முனையம் இயங்குகிறது. ஸ்கூட், ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ், இண்டிகோ என்று சிங்கப்பூருக்கு நேரே பறக்கும் நிறுவனங்களை அங்கே பார்க்கலாம். சென்னைக்குள் நுழையும்போது வரும் பெருங்களத்தூர் நெரிசல் அந்தப் பாதையில் இல்லை என்பதே பெரியவர்களுக்கு ஒரு வரம்.

அந்த மிச்சக் கணக்கில் இன்னொன்றையும் பாருங்கள். சென்னை – மும்பை ஒரு டிக்கெட், மும்பை – சிங்கப்பூர் வேறு டிக்கெட் என்று தனித்தனியாகப் போட்டால் விலை குறையும். குறைவதற்குக் காரணம், நடுவில் வரும் ஆபத்தை நீங்கள் வாங்கிக்கொள்வதுதான். முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது நிறுவனத்தைப் பொறுத்தவரை நீங்கள் வராத பயணி, அவ்வளவே. மும்பையில் பெட்டிகளை எடுத்து, மறுபடி செக்-இன் செய்து, குடியேற்றச் சோதனைக்கு ஆறு பேராக வரிசையில் நிற்பதும் உங்கள் வேலை. 2025 டிசம்பர் தொடக்கத்தில், விமானிகளின் பணி நேர விதிகள் மாறியதற்கு ஏற்ப ஆள் ஏற்பாடு செய்யாததால் இண்டிகோவின் உள்நாட்டுச் சேவை குலைந்தது. டிசம்பர் 5 அன்று ஒரே நாளில் ஆயிரத்துக்கு மேல் விமானங்கள் ரத்தாயின. அந்த வாரம் உள்நாட்டு விமானத்தை நம்பித் தனி டிக்கெட்டில் வெளிநாட்டு விமானம் பிடிக்க இருந்தவருக்குக் கைகொடுக்க விதியே இல்லை. ரத்தான டிக்கெட்டின் பணம் திரும்பும். பறந்துபோன டிக்கெட்டின் பணம் திரும்பாது.

மாறிப் போகத்தான் வேண்டும் என்றால் இரண்டு விமானமும் ஒரே பி.என்.ஆரில், அதாவது ஒரே பதிவு எண்ணில், இருக்க வேண்டும். உங்கள் ஊர்க் கோயிலின் அர்த்தநாரீஸ்வரர் மாதிரி, பாதி பாதியாக இருந்தாலும் மேனி ஒன்றாக இருக்க வேண்டும். அப்போதுதான் முதல் விமானத்தின் தாமதம் விமான நிறுவனத்தின் பொறுப்பாகும். அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவதும் பெட்டியைக் கடைசி ஊர் வரை சேர்ப்பதும் நிறுவனத்தின் கடமையாகும். எத்தனை விமானம் ஏறுகிறோம் என்பதைவிட, நடுவில் அறுந்தால் முடிச்சுப் போடுவது யார் என்பதுதான் குடும்பப் பயணத்தைத் தீர்மானிக்கிறது.

கேள்வி: ஆறு பேருக்கு இருபத்துநாலாயிரம் என்பது எங்களைப் போன்றவர்களுக்குச் சின்னத் தொகையா? ‘வேண்டாம்’ என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டால் எப்படி?
– தியாகதுருகம் வாசகி

பதில்: சின்னத் தொகை இல்லை. அதனால்தான் அது எதற்கான கூலி என்று கணக்குப் போட வேண்டும். மும்பை வழியில் ஆளுக்கு ஆறு மணி நேரம் கூடுதல். ஆறு பேருக்கு 36 மணி நேரம். வகுத்தால் மணிக்கு 667 ரூபாய். தனியாகப் போகும் இருபத்தைந்து வயது இளைஞருக்கு இது நல்ல சம்பளம், தாராளமாக வாங்கிக்கொள்ளட்டும். முழங்கால் வலியுள்ள பாட்டிக்கும், தூக்கம் கெட்டால் ஊரைக் கூட்டும் நாலு வயதுக் குழந்தைக்கும் அதே விலை பொருந்தாது. ஏறி இறங்கும்போது அழுத்தம் மாறிக் குழந்தைகளுக்குக் காது வலிக்கும் என்பது பெற்றோர் அறிந்தது. ஒரு விமானம் கூடினால் அந்த ஏற்றமும் இறக்கமும் ஒருமுறை கூடும். ஆறு பேரும் காத்திருக்கும் மூன்று மணி நேரத்தில் விமான நிலையக் கடையில் சாப்பாட்டுக்கு ஆகும் செலவையும் அந்த இருபத்துநாலாயிரத்திலிருந்து கழியுங்கள்.

பெட்டியையும் கணக்கில் சேருங்கள். விமானப் பெட்டிகளைக் கண்காணிக்கும் தொழில்நுட்ப நிறுவனமான சீட்டாவின் கணக்குப்படி, 2024-இல் உலக அளவில் 1000 பயணிகளுக்கு 6.3 பெட்டிகள் தாமதமாகவோ, சேதமாகவோ, தொலைந்தோ போயின. அவற்றில் 41 சதவீதம் ஒரு விமானத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போது தவறியவை. மாறாமல் பறப்பவர்களின் பெட்டிக்கு அந்த ஆபத்தே கிடையாது. பெட்டி தவறுவது அரிதுதான், பயப்பட வேண்டாம். ஆனால் அப்பாவின் சர்க்கரை மாத்திரையும் குழந்தையின் மாற்றுத் துணியும் கைப்பையில் இருக்கட்டும். எந்த விமானமானாலும் இது பொருந்தும்.

கேள்வி: எங்கள் மகள் மெல்போர்னில் இருக்கிறாள். சென்னையிலிருந்து நேர் விமானமே இல்லை. வெள்ளிமலையிலிருந்து இறங்கி வரும் எங்களுக்கு நீங்கள் சொல்லும் சட்டம் என்ன ஆகிறது? நீண்ட பயணத்தில் நடுவில் இறங்கி ஏறினால் காலுக்கும் நல்லது என்கிறார்களே?
– கல்வராயன்மலை வாசகர்

பதில்: சட்டம் அப்படியே நிற்கிறது, ஏனென்றால் அது நேர் விமானத்துக்கான சட்டம் அல்ல, பொறுப்புக்கான சட்டம். ஆஸ்திரேலியாவுக்கும் வட அமெரிக்காவுக்கும் தமிழ்நாட்டிலிருந்து ஓரிடத்திலாவது மாறித்தான் ஆக வேண்டும். அப்போது வரைபடத்தைப் பாருங்கள். சிங்கப்பூரும் கோலாலம்பூரும் மெல்போர்னுக்குப் போகும் வழியிலேயே இருக்கின்றன. அங்கே மாறுவதால் தூரம் அதிகம் கூடுவதில்லை. திருச்சியில் ஏறி சிங்கப்பூரில் ஒரே ஒருமுறை மாறி மெல்போர்னில் இறங்கலாம். அதையே டெல்லி வழியாகப் போனால் வடக்கே ஏறிப் பிறகு தெற்கே இறங்க வேண்டும். லண்டனுக்குத் துபாய், தோஹா ஓரளவு நேர்வழி. விலைப் பட்டியலைப் பார்க்கும் முன் இந்தத் திசையைப் பார்த்துவிட்டால் பாதி டிக்கெட்டுகள் தாமாகவே கழிந்துவிடும். மலிவு விலை நிறுவனங்களில் போடும்போது மட்டும், இரண்டு பயணமும் இணைப்பாகவே பதிவாகியிருக்கிறதா, பெட்டி மெல்போர்ன் வரை போகுமா என்று எழுத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரே நிறுவனம் என்பதாலேயே அது ஒரே டிக்கெட் ஆகிவிடாது.

காலைப் பற்றிய கேள்விக்கு ஆய்வு இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2007-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, நான்கு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்தே பயணம் செய்தால் காலில் இரத்தம் உறையும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது. அப்படியும் அது சுமார் 6000 பேரில் ஒருவருக்கு என்ற அளவில்தான். விமானம் மட்டுமில்லை, பேருந்தும் காரும் ரயிலும் இதே கணக்குதான். வெள்ளிமலையிலிருந்து சென்னை வரை காரில் மடக்கிய கால் மடக்கியபடி வந்தாலும் இந்த எண்ணிக்கையில் சேர்கிறீர்கள். அதே அறிக்கை, குறுகிய காலத்தில் பல விமானங்களில் ஏறுவோருக்கும் ஆபத்து கூடுகிறது என்கிறது. ஆகவே நடுவில் இறங்குவது மருந்து அல்ல, நடப்பதுதான் மருந்து. பத்து மணி நேர நேர்ப் பயணத்திலும் அவ்வப்போது எழுந்து நடக்கலாம். மாறுமிடத்தில் மூன்று மணி நேரம் நாற்காலியில் சாய்ந்திருந்தால் பலன் ஒன்றும் இல்லை. ஏற்கெனவே இரத்தக் கட்டி வந்தவர்களும், சமீபத்தில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களும் டிக்கெட் போடும் முன்பே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

இடைவெளியை மூன்று, நான்கு மணி நேரமாக வையுங்கள். ஒரு மணி நேர இணைப்பைக் கணினி விற்கும், ஆனால் சக்கர நாற்காலியில் வரும் தாத்தாவோடு ஓட முடியாது. சக்கர நாற்காலி வேண்டும் என்பதை டிக்கெட் போடும்போதே கடைசி ஊர் வரை பதியச் சொல்லுங்கள். பிள்ளைகளைப் பெற்றோர் ஒருவர் பக்கத்திலாவது உட்கார வைக்க வேண்டும் என்று, 12 வயது வரையிலானவர்களுக்காக நம் நாட்டு விமானப் போக்குவரத்து இயக்ககம் 2024 ஏப்ரலில் உத்தரவிட்டது. எல்லோரும் ஒரே பி.என்.ஆரில் இருந்தால்தான் அதன் பலன் கிடைக்கும். மாறும் நாட்டின் டிரான்சிட் விசா விதியையும் பாருங்கள். லண்டனில் வெறுமனே விமானம் மாறுவதற்கே இந்தியப் பாஸ்போர்ட்காரர் பலருக்கு விசா வேண்டும். அமெரிக்காவிலோ, உள்ளே போய் இன்னொரு ஊருக்கு மாறினாலும் பொதுவாக முதலில் இறங்கும் ஊரிலேயே பெட்டியை எடுத்துச் சுங்கச் சோதனை முடித்து மறுபடி ஒப்படைக்க வேண்டும்.

கேள்வி: நேர் விமானமே ரத்தானால் என்ன செய்வது? மாறிப் போகிறவருக்காவது வேறு வழி இருக்குமே?
– சங்கராபுரம் வாசகர்

பதில்: வந்த கேள்விகளில் இதுதான் கனமானது, ஓரளவு நீங்கள் சொல்வது சரியும்கூட. நேர் விமானம் வாரத்துக்கு இரண்டோ மூன்றோ நாள்தான் இருக்கிறது என்றால், ஒன்று ரத்தானதும் அடுத்ததற்கு நாட்கணக்கில் காத்திருக்க நேரும். தினமும் பறக்கும் நிறுவனத்தின் மாறிச் செல்லும் பயணம், வாரம் இருமுறை நேர்ப் பயணத்தைவிட நம்பகமானதாக இருக்கக்கூடும். ஆகவே விலைக்கு அடுத்து வாரத்தில் எத்தனை நாள் என்று கேளுங்கள். பெரிய விமான நிலையங்களும் மூடப்படுகின்றன. 2024 ஏப்ரல் 16 அன்று பெய்த பேய்மழையில் துபாய் முடங்கியது. 2025 மார்ச் 21 அன்று மின் துணை நிலையத் தீயால் லண்டன் ஹீத்ரோ ஒரு நாள் மூடியது, நேரே போனவர்களும் அதில் சிக்கினார்கள். 2025 ஜூன் 23 அன்று கத்தார் வான்வெளி மூடியபோது தோஹாவுக்கு வந்துகொண்டிருந்த 90-க்கும் மேற்பட்ட விமானங்கள் வேறு ஊர்களில் இறக்கப்பட்டன. பாதிக்கப்பட்டவர்கள் 20,000 பேருக்கு மேல். அவர்களை இரண்டு நாளுக்குள் ஊர் போய்ச் சேர்த்தது கத்தார் ஏர்வேஸ். ஒரே டிக்கெட் என்ற பிணைப்பு இருந்ததால்தான் அந்தக் கடமை அதன் தலையில் விழுந்தது. தனி டிக்கெட்டில் வந்தவருக்கு அந்தக் கடமை தோஹாவோடு முடிந்துபோகும்.

ஐரோப்பாவிலிருந்து திரும்பும்போது சட்டமே உங்கள் பக்கம் நிற்கிறது. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளிலிருந்து புறப்படும் விமானம் எந்த நிறுவனத்தினதாக இருந்தாலும், நிறுவனத்தின் தவறால் கடைசி ஊருக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதமாகச் சேர்ந்தால் இழப்பீடு கேட்கலாம். இந்தியா போன்ற நெடுந்தூரத்துக்கு அது ஆளுக்கு 600 யூரோ வரை. ஒரே பதிவில் மாறிச் செல்லும் பயணத்துக்கு, தாமதத்தைக் கடைசி ஊரில்தான் அளக்க வேண்டும் என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2013-இல் தீர்ப்பளித்திருக்கிறது. முதல் விமானம் ஒரு மணி நேரம் பிந்தியதால் இரண்டாவதைத் தவறவிட்டு சென்னைக்கு எட்டு மணி நேரம் பிந்தி வந்தால், கணக்கு எட்டு மணி நேரத்துக்கு. போர்டிங் பாஸைக் கிழித்துப் போடாமல் வீடு வரை கொண்டு வாருங்கள்.