தோற்றால் ஒரு புள்ளி

சிவகிரி வட்டாரத்தில் ஊருக்கு ஒரு மனு அண்ணாச்சியாவது இருப்பார். மலையடிவாரத்தில் நிலம் வைத்திருப்பார். ஆனால் அவரை வயலில் பிடிப்பதைவிடத் தென்காசி கலெக்டர் ஆபீஸ் வராந்தாவில் பிடிப்பது சுலபம். திங்கட்கிழமை என்றால் விடியுமுன் குளித்து, திருநீறு பூசி, மஞ்சப்பையோடு பஸ் ஏறிவிடுவார். பைக்குள் சிட்டா, அடங்கல், ஆதார் நகல், பன்றி கிண்டிப்போட்ட கடலைக்கொடியின் கலர் போட்டோ, இதுவரை கொடுத்த மனுக்களுக்கு வாங்கிய ரசீதுகள். ரசீதுகளுக்கு மட்டும் லேமினேஷன் உண்டு. எதற்கு என்றால், "மழையில நனைஞ்சிட்டா என்னவே செய்யது?" என்பார். பறித்துப் போட்ட கடலை நனைந்தபோது அவர் இந்த அளவு பதறியதாக ஊரில் யாரும் சொல்லவில்லை.

2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமானதும் அதிகம் சந்தோஷப்பட்டவர் இவர்தான். திருநெல்வேலி வரை போய்வரும் அலைச்சல் குறைந்தது. மிஞ்சிய நேரத்தில் இன்னொரு மனு எழுதலாம் அல்லவா?

மனுவின் பொருள் எப்போதும் ஒன்றுதான்: காட்டுப்பன்றி. ராத்திரி மலையிலிருந்து குடும்பம் குடும்பமாக இறங்கி, கடலையைக் கிண்டி, கரும்பைச் சாய்த்து, மக்காச்சோளத்தை மிதித்து, விடியும்போது மேலே ஏறிவிடும். விரட்டுவதற்குச் செய்யாததில்லை. சலூனிலிருந்து மூட்டை மூட்டையாக முடி வாங்கி வந்து வரப்பில் தூவினார். மூக்கில் முடி ஏறினால் பன்றி திரும்பிவிடும் என்று கேள்வி. அந்த வாரம் தும்மியது அண்ணாச்சி மட்டும்தான். பிறகு வேலியைச் சுற்றிப் பழைய சேலை கட்டினார். இன்றைக்கும் அந்த வயலைச் சுற்றி வந்தால் அவர் வீட்டுப் பெண்களின் கல்யாணம், வளைகாப்பு, காதுகுத்து எல்லாவற்றையும் வரிசையாகப் பார்த்துவிடலாம். முதல் நான்கு நாள் பன்றிகள் நின்று பார்த்தன. ஐந்தாம் நாள் முந்தானையை விலக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டன.

சட்டத்தை அண்ணாச்சி வக்கீலைவிட நன்றாகச் சொல்வார். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் முதலில் வந்தபோது அதிலேயே வேட்டை உரிமத்துக்கு இடம் இருந்தது. மூன்றாம் அட்டவணைக்குப் 'பெருவேட்டை விலங்குகள்' என்றே பெயர். காட்டுப்பன்றி அதில்தான் இருந்தது. 1991-இல் திருத்தம் வந்து உரிமம் கொடுக்கும் பிரிவையே எடுத்துவிட்டார்கள். 2022-இல் இன்னொரு திருத்தம். பன்றி இரண்டாம் அட்டவணைக்கு ஏறிவிட்டது. "நம்ம பட்டா மாறுதலுக்கு நடையா நடக்கோம். பன்னி ஒரு மனுவும் போடாம அட்டவணை மாறிட்டுல்லா" என்று இதைச் சொல்லும்போது அவர் குரலில் கோபத்தைவிடப் பொறாமைதான் தூக்கலாக இருக்கும்.

2025 ஜனவரியில் அரசாணை வந்தது. காப்புக்காட்டு எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டர் வரை பன்றியைச் சுடக்கூடாது. ஒன்றிலிருந்து மூன்று கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விடலாம். மூன்றுக்கு அப்பால் சுடலாம்; சுடுவதும் வனத்துறையார்தான், விவசாயி இல்லை. அதற்கும் ஊர் மட்டத்தில் ஒரு குழு கூட வேண்டும். அன்று சாயந்திரமே அண்ணாச்சி மோட்டார் சைக்கிளில் காட்டு எல்லையிலிருந்து வயல் வரை மீட்டரைப் பார்த்தபடி ஓட்டி வந்தார். ரோட்டு வழியாக 3.4. பக்கத்து வீட்டுப் பையன் செல்போன் மேப்பில் நேர்கோடு போட்டுப் பார்த்தால் 2.8. அண்ணாச்சி விடுவாரா? "பன்னி என்ன பறந்தா வருது? ஓடையச் சுத்தி, தோப்பச் சுத்தி, வளைஞ்சு வளைஞ்சுதான வருது. அது நடக்க தூரத்த அளக்கச் சொல்லும்" என்று ஒரு மனு போட்டார். எனக்கென்னவோ அதில் நியாயம் இருப்பதாகத்தான் படுகிறது. அதற்கும் ரசீது கொடுத்தார்கள்.

அவருக்கு இன்னொரு பழக்கம் உண்டு, கேரளா லாட்டரி. தமிழ்நாட்டில் 2003-லேயே லாட்டரியை நிறுத்திவிட்டதால் புளியரை தாண்டி ஆரியங்காவுக்குப் போய்த்தான் வாங்க வேண்டும். அங்கே டீக்கடையில்தான் சேதி தெரிந்தது: 2022-இலிருந்து கேரளத்தில் பயிரை அழிக்கும் பன்றியைச் சுட உத்தரவு போடும் அதிகாரம் பஞ்சாயத்துத் தலைவருக்கே உண்டு. லைசன்ஸ் துப்பாக்கிக்காரரைக் கூட்டிவந்து சுடச் சொல்லலாம். அண்ணாச்சிக்கு அந்த டீ இறங்கவில்லை. சுட்ட பன்றியைத் தின்னக்கூடாது, புதைத்துவிட வேண்டும் என்பதைக் கேட்ட பிறகுதான் கொஞ்சம் ஆறுதல் ஆனார். ஊர் திரும்பி வீட்டில் விவரம் சொன்னபோது அவர் சம்சாரம் அரிசி களைந்துகொண்டே, "ஒங்க கையில துப்பாக்கியக் குடுத்தா, குடுத்ததுக்கு ரசீது எங்கன்னு கேப்பீய" என்றார். நான் அறிந்தவரை அண்ணாச்சியைப் பற்றி இதைவிடச் சரியாக யாரும் சொன்னதில்லை.

இப்படிப்பட்டவருக்கு மருமகப்பிள்ளையும் தோதாக வாய்த்தார். கொலராடோவில் டென்வர் பக்கம் கம்ப்யூட்டர் வேலை. அமெரிக்கா போனதே குலுக்கலில்தான். எச்-1பி விசா வருஷத்துக்கு 65,000, அங்கே மேல்படிப்புப் படித்தவர்களுக்கு இன்னும் 20,000. அதற்குமேல் ஆள் சேர்ந்தால் குலுக்கல். போன பிறகு கிரீன் கார்டு வரிசை. அதில் இந்தியாவில் பிறந்தவர்கள் நிற்கும் வால்பக்கம் நகருவதே தெரியாது. ஒரு குலுக்கலில் ஜெயித்து ஒரு வரிசையில் நிற்கிறவர் சும்மா இருக்கக்கூடாதா? ஆபீஸ் நண்பன் பேச்சைக் கேட்டு எல்க் வேட்டைக்கும் மனு போட ஆரம்பித்தார்.

எல்க் என்பது நம் கடமானுக்கு அண்ணன். நல்ல கிடா 300 கிலோவுக்கு மேல் நிற்கும். இந்தப் பகுதியில், இந்த சீசனில், இத்தனை பேர்தான் சுடலாம் என்று அரசாங்கம் கணக்கு வைத்து, அதற்கு அட்டை கொடுக்கும். ஏப்ரல் தொடக்கத்துக்குள் மனு. சுட்டவர் அட்டையில் தேதி போட்டுக் கையெழுத்திட்டு விலங்கின் உடம்பிலேயே கட்ட வேண்டும். தின்னக்கூடிய கறியை வீணாக்கினால் குற்றம். சிரமம் இல்லாமல் கடையிலேயே வாங்கக்கூடிய எல்க் உரிமமும் அங்கே உண்டு. ஆனால் மருமகப்பிள்ளைக்கு அது கௌரவக்குறைச்சல். அவர் எழுதுவது வடமேற்கு மூலையில் உள்ள 201-ஆம் பகுதி மாதிரி, பெரிய கொம்புக்குப் பேர்போன இடங்களை மட்டும்தான். பாதுகாப்புப் பயிற்சி முடித்த சான்றிதழ் ஹாலில் தொங்குகிறது. ஆரஞ்சுச் சட்டையும் வாங்கிவிட்டார். துப்பாக்கி இன்னும் வாங்கவில்லை. அட்டை வரட்டும் என்று பார்க்கிறார்.

போன ஜூனில் வீடியோ காலில் மாமனாரும் மருமகனும் பேசிக்கொண்டதை அந்த வீட்டுத் திண்ணையில் இருந்து நானும் கேட்டேன்.

"மாமா, இந்த வருஷமும் விழல."

"விடுங்க மாப்ள. நமக்கு மட்டும் என்ன விழுந்துட்டு? அந்த ஆரஞ்சுச் சட்டை எதுக்கு? மானு பாத்துட்டு ஓடிராதா?"

"மானுக்கு அந்தக் கலர் தெரியாது மாமா. மத்த வேட்டைக்காரன் நம்மளச் சுட்டுரக் கூடாதுன்னு சட்டமே இருக்கு. ரோஸ் கலரும் போடலாம்."

அண்ணாச்சி வயல் பக்கம் திரும்பி, வேலியில் ஆடிக்கொண்டிருந்த ரோஸ் சேலையை ஒரு பார்வை பார்த்தார்.

"ஆனா மாமா, விழலைன்னா ஒரு பாயிண்ட் ஏறும். பாயிண்ட் கூடக் கூட அடுத்த தடவை நமக்கு முன்னுரிமை."

"என்னது? தோத்ததுக்கா மார்க்கு?"

"ஆமா மாமா. மான் வேண்டாம், பாயிண்ட் மட்டும் போதும்னுகூட மனு போடலாம்."

அண்ணாச்சி எழுந்து நின்றுவிட்டார். எத்தனை வருஷம், எத்தனை திங்கட்கிழமை! ஒரு மனுவுக்கு ஒரு புள்ளி என்று இங்கே போட்டிருந்தால் அவர் இந்நேரம் யானையையே கேட்டு வாங்கியிருப்பார். மஞ்சப்பையை எடுத்து வரச் சொல்லி, லேமினேஷன் ரசீதுகளை ஒவ்வொன்றாகக் கேமரா முன் காட்டினார். அந்தப் பக்கத்திலிருந்து மருமகன், தோற்ற மனுக்களுக்கு வந்த ஈமெயில்களைக் காட்டினார். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. நடுவில் வந்த மகள், "அப்பா, சாப்பிட்டீங்களா?" என்று கேட்டதற்கு யாரும் பதில் சொல்லவில்லை.

"நீங்க எழுதுத எடத்துக்கு எத்தனை புள்ளி வேணும் மாப்ள?"

"இருபதுக்கு மேல மாமா."

"வருஷத்துக்கு ஒண்ணுதானா?"

"ஒண்ணுதான்."

அண்ணாச்சி விரல் விட்டு எண்ணினார். மருமகனின் வயதைக் கூட்டினார், பேரனின் வயதைக் கூட்டினார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"புள்ளியப் பேரன் பேருக்கு மாத்த முடியுமா? வாரிசுச் சான்றிதழ் கேட்டாவன்னா சொல்லுங்க, திங்கக்கெழம எப்படியும் தென்காசி போறேன்."